பெட்டியிலிருந்து வாய்க்கு: ஃபேர் ஐல் தீவில் பறவைப் பொறியைப் பழுதுபார்த்து முதல் வலசை நாளுக்குத் தயாராக்குவது

ஸ்காட்லாந்துப் பெருநிலத்துக்கு வடக்கே, ஆர்க்னி, ஷெட்லாந்து தீவுக்கூட்டங்களுக்கு நடுவில் தன்னந்தனியாகக் கிடக்கிற தீவு ஃபேர் ஐல். நீளம் 5 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு, அகலம் அதில் பாதி. மரம் என்று சொல்லிக்கொள்ள ஏதும் இல்லை. காற்றுக்கு மட்டும் குறைவே கிடையாது. கோடியக்கரையில் பறவைகளைப் பிடித்துக் காலில் எண் பொறித்த வளையம் மாட்டுவதைப் பார்த்தவர்களுக்கு, கழிகளுக்கு நடுவே கட்டிய மெல்லிய நைலான் வலை ஞாபகம் வரும். அந்த வலை இங்கே முக்கால்வாசி நாள் வேலைக்கு ஆகாது. காற்றில் பை மாதிரி உப்பிக்கொண்டு ஆடுகிற வலையைப் பறவை தூரத்திலேயே பார்த்து விலகிவிடும். தப்பித்தவறி விழுந்தாலும் நூல் சிறகைச் சுற்றி முறுக்கிவிடும். அதனால் இந்தத் தீவில் நிலையாக நிற்கிற கம்பிவலைப் பொறிதான் நம்பகமான ஆள். அதற்குப் பெயர் ஹெலிகோலாந்து பொறி.

பெயர் வந்தது வட கடலில் உள்ள ஜெர்மானியத் தீவு ஒன்றிலிருந்து. மரமற்ற ஹெலிகோலாந்தில் வலசை வரும் த்ரஷ் பறவைகளைக் குழம்புக்குப் பிடிக்க, ஊர்க்காரர்கள் புதரை நட்டு அதன் பின்னால் வலை கட்டி வைப்பார்கள். 1910இல் அங்கே பறவை ஆய்வு நிலையத்தைத் தொடங்கிய ஹூகோ வைகோல்ட், சமையலுக்கான அந்த உத்தியை வளையமிடுவதற்கான பொறியாக வளர்த்தெடுத்தார். 1933இல் ரொனால்ட் லாக்லி வேல்ஸ் கரையோரத்து ஸ்கோகோம் தீவில் அப்படி ஒன்றைக் கட்டினார். 1948இல் ஜார்ஜ் வாட்டர்ஸ்டன் ஃபேர் ஐலில், பழைய கடற்படைக் குடிசைகளில் பறவை ஆய்வகத்தைத் தொடங்கினார். கல்லி, பிளான்டேஷன், வாடல், டபுள் டைக் என்று ஒவ்வொரு பொறிக்கும் இடத்தை வைத்து ஒரு பெயர். டைக் என்றால் சாந்து பூசாமல் அடுக்கிய கற்சுவர். பிளான்டேஷன் பொறிக்குள் இருக்கும் சில ஊசியிலைச் செடிகளைத்தான் இங்கே தோப்பு என்று சொல்லிக்கொள்ள வேண்டும்.

இந்தப் பொறிகளைக் குளிர்காலம் சும்மா விடாது. மார்ச் கடைசியில் வீட்டியர் என்ற சின்ன வலசைப் பறவைகளில் முதலாவது வந்து இறங்குவதற்குள் பழுது வேலை முடிந்திருக்க வேண்டும்.

பொறியின் வடிவத்தை ஒரு பெரிய புனல் படுத்திருப்பதாக நினைத்துக்கொள்ளலாம். நடுத்தரப் பொறி ஒன்றைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம்: வாய் 7 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம், நீளம் 16 மீட்டர். பக்கங்களும் கூரையும் கம்பிவலை. உள்ளே போகப் போகக் குறுகி, பாதி வழிக்கு மேல் ஒரு வளைவு எடுத்து, கடைசியில் ஒரு மரப்பெட்டியில் முடியும். வளைவு எதற்கென்றால், வாயில் நிற்கிற பறவைக்கு முட்டுச்சந்து தெரியக்கூடாது. பெட்டியின் பின்பக்கம் கண்ணாடி. துரத்தப்பட்ட பறவை வெளிச்சத்தைப் பார்த்துப் பறக்கும், கண்ணாடியில் தட்டி, சாய்வுப் பலகை வழியே கீழறைக்குச் சறுக்கும். பொறியின் சூட்சுமம் முழுக்க வெளிச்சம்தான். பழுது பார்க்கும்போதும் இதை மறக்கக்கூடாது.

எல்லோரும் வாயிலிருந்துதான் வேலையைத் தொடங்குவார்கள், ஏனென்றால் பெரிய கிழிசல் அங்கேதான் இருக்கும். இது நேரத்தை வீணாக்கும். வாயருகே ஒரு மீட்டர் கிழிந்திருந்தாலும் பறவை ஆளுக்குப் பயந்து அதைத் தாண்டி விரைந்துவிடும். பெட்டிக்கு அரை மீட்டர் முன்னால் மூன்று விரல் நுழைகிற இடைவெளி இருந்தால் கதை வேறு. அங்கே வந்த பறவை வெளியேறும் வழி தேடி ஒவ்வொரு மூலையாகக் கொத்திப் பார்க்கும், கண்டும் பிடிக்கும். ஆகவே வேலை பெட்டியிலிருந்து வாயை நோக்கி நடக்க வேண்டும்.

முதல் சோதனைக்குச் சுத்தியல்கூட வேண்டாம். நல்ல பகலில் புனலுக்குள் போய்க் குந்தி உட்கார்ந்து, தலையைப் பெட்டி வாசலின் உயரத்துக்குத் தாழ்த்துங்கள். ஒரு நிமிடம் கண் பழகட்டும். எங்கே அதிகம் பளிச்சென்று தெரிகிறது? பின்கண்ணாடியாக இருந்தால் சரி. அதைவிட வேறு ஏதோ ஒரு பலகை இடுக்கு மின்னினால் பறவையும் அங்கேதான் போகும். பக்கப் பலகைகள் சுருங்கி விட்ட கீற்றுகளை உள்ளிருந்து மெல்லிய சட்டம் அடித்து மூடலாம். கடைசி ஒரு மீட்டர் புனலுக்கு இருபுறமும் பலகை அடித்து இருட்டாக்கினால் கண்ணாடியின் இழுப்பு இன்னும் கூடும்.

கண்ணாடிக்கு இப்போது பெரும்பாலும் 4 அல்லது 5 மி.மீ. அக்ரிலிக் தகடு போடுகிறார்கள். திருகாணி ஓட்டையை ஆணியைவிட 2 மி.மீ. பெரிதாகத் துளைக்க வேண்டும். வெயிலிலும் குளிரிலும் தகடு விரிந்து சுருங்கும். இடம் விடாமல் இறுக்கினால் முதல் உறைபனி இரவிலேயே ஆணியடியில் விரிசல் விடும். தகட்டின் மேல் படியும் உப்புதான் அடுத்த தலைவலி. கடல் தூவானம் இரண்டு நாள் அடித்தால் தகடு பால் போல மங்கிவிடும். பறவை பாதி வழியில் திரும்பி ஆளின் தலைக்கு மேலாகப் பறந்து போவதற்குப் பெரும்பாலும் இந்த மங்கல்தான் காரணம். உலர்ந்த துணியால் துடைத்தால் உப்புப் பரல்கள் தகட்டைக் கீறிவிடும். ஒரு புட்டி நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவி, பிறகுதான் துணி.

கை நுழைக்கும் ஓட்டை 12 செ.மீ. விட்டம் போதும். அதன் மேல் ஒரு துணிக்குழாய் இருக்க வேண்டும், கை உள்ளே போகும்போது பறவை வெளியே வராமல் இருக்க. பின்னலாடைக்குப் பேர்போன தீவு இது. கிழிந்த ஸ்வெட்டரின் கைப்பகுதி இதற்கென்றே தைத்தது போலப் பொருந்தும். பெட்டித் தரையில் 6 மி.மீ. துளைகள் நாலைந்து வேண்டும். தண்ணீர் தேங்கினால் நனைகிற முதல் பறவை அங்கே காத்திருப்பதுதான். கீல்கள் இரும்பென்றால் ஒரே பருவத்தில் பூட்டிக்கொள்ளும். துருப்பிடிக்காத எஃகுக் கீல் இல்லாவிட்டால், பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி இரண்டு வரிசை ஆணியடித்தால் அதே வேலையைச் செய்யும்.

இனி வலை. 13 மி.மீ. கண்ணுள்ள, துத்தநாகம் பூசிய அறுகோணக் கம்பிவலைதான் போட வேண்டும். நம்மூரில் கோழிவலை என்போமே, அதில் சின்னக் கண். விலை குறைவென்று 25 மி.மீ. வலை போட்டால் கோல்ட்கிரெஸ்ட் தலையை நுழைத்து மாட்டிக்கொள்ளும். 5, 6 கிராம் எடையுள்ள பறவை அது. கணக்கு இப்படி: பக்கத்தின் சராசரி உயரம் 2 மீட்டர் என்றால் இரு பக்கமும் சேர்ந்து 64 சதுர மீட்டர். கூரை ஏறக்குறைய 62. தரையோரம் மடித்து விரிக்கும் பாவாடைக்கு 10. ஒன்றன் மேல் ஒன்று ஏற்றிப் போடுவதற்குப் பத்து சதவீதம் கூட்டினால் 150. 50 மீட்டர் நீளம், 90 செ.மீ. அகலமுள்ள சுருள் ஒன்று 45 சதுர மீட்டர் கொடுக்கும். முழுவதும் புதிதாகப் போட 4 சுருள் வாங்க வேண்டும். வழக்கமான ஆண்டுப் பழுதுக்கு ஒன்றே தாராளம்.

எது மாற்ற வேண்டியது என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யக்கூடாது. உப்புக்காற்று முதலில் தின்பது கம்பிகள் முறுக்கிச் சேரும் இடத்தை. மேலே பளபளவென்று இருக்கும், முறுக்கில் மட்டும் பழுப்பு. அந்த இடத்தை விரல் நுனியால் பிடித்து முன்னும் பின்னும் இரண்டு தடவை மடக்குங்கள். பொடிந்தால் அந்தப் பட்டை முழுதையும் வெட்டி எடுத்துவிட வேண்டும், ஒட்டுப் போடுவது வீண். தூணோரம் ஆட்டுரோமம் ஒட்டியிருந்தால் பிய்த்துப் பாருங்கள். செம்மறிகள் முதுகைத் தேய்த்துவிட்டுப் போகும் இடம் அது. ரோமம் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டே இருக்கும், அதன் அடியில் ஓட்டை விழுந்திருப்பது வெளியே தெரியாது.

புது வலையைப் பழையதன் மேல் 10 செ.மீ. ஏற்றி, 18 கேஜ் கட்டுக்கம்பியால் ஒரு சாண் இடைவெளிக்குக் குறைவாக, அதாவது 15 செ.மீ.க்கு ஒரு முடிச்சு. வெட்டிய முனை எல்லாம் வெளிப்பக்கம் பார்த்து மடங்க வேண்டும். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முனை ஒரு பறவையின் கண்ணைக் கொண்டுபோகும். கையிலிருக்கிறதே என்று செப்புக்கம்பியால் கட்டிவிடாதீர்கள். உப்பீரத்தில் செம்பும் துத்தநாகமும் தொட்டால் துத்தநாகம்தான் கரையும், கட்டிய இடத்திலேயே வலை அறுந்துபோகும்.

தூண்கள் 10 செ.மீ. தடிமனில், மருந்தேற்றிய மரம், இரண்டு இரண்டரை மீட்டருக்கு ஒன்று. 60 செ.மீ.யாவது மண்ணுக்குள் போக வேண்டும் என்பது விதி. கடப்பாரை 30 செ.மீ.யிலேயே பாறையில் மோதி ஓசை எழுப்புவது நடைமுறை. அப்படிப்பட்ட இடத்தில் தூணுக்கு உள்ளும் புறமும் சாய்வுக் கால் கொடுத்து, அடியில் கற்களை இறுக்கி அடைக்க வேண்டும். தூண்களின் தலையை 3 மி.மீ. ஜிஐ கம்பி இணைக்கும், கூரை வலை அதன் மேல் படுத்திருக்கும். யூ ஆணியை அடிக்கும்போது இரண்டு கால்களும் மரத்தின் ஒரே ரேகையில் இறங்காதபடி சற்றுச் சாய்த்து அடிக்க வேண்டும், இல்லையென்றால் தூண் பிளக்கும். வலையைப் பிடிக்கும் ஆணி இறுக்கமாக, இழுகம்பியைப் பிடிக்கும் ஆணி கொஞ்சம் தளர்வாக. கம்பி நழுவ இடமிருந்தால்தான் காற்றின் இழுப்பு எல்லாத் தூண்களுக்கும் பங்காகும்.

வெறும் வலையைக் காற்று அவ்வளவாகத் தள்ளாது. புயல் நாளில் காய்ந்த புல்லும் கடல்நுரையும் ஈரப்பனியும் கண்களை அடைத்துவிட்டால் அது கப்பல் பாய் ஆகிவிடும். அப்போது ஏதாவது ஒன்று அறுந்தே தீரும். அறுவது கட்டுக்கம்பியாக இருக்கட்டும், தூணாக வேண்டாம். முடிச்சைத் தடித்த கம்பியால் போட்டு ‘உறுதியாக்கிய’ பொறிகள் முழுசாகச் சாய்ந்துதான் விழும்.

தரையோரம் 30 செ.மீ. வலையை வெளிப்புறமாக மடித்து விரித்துக் கல் வைக்க வேண்டும். இந்தப் பாவாடை இல்லாவிட்டால் ரென் பறவை எலி மாதிரி அடியில் புகுந்து போய்விடும். பள்ளத்தாக்கு ஓரத்தில் வேலை செய்கிறவர்கள் ஃபுல்மர் என்ற கடற்பறவை உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் எட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது. கிட்டே போனால் வயிற்றிலிருந்து நாற்றமடிக்கும் எண்ணெயைப் பீய்ச்சும். சட்டையில் பட்டால் அந்தச் சட்டைக்குக் கும்பிடு போட வேண்டியதுதான்.

பழுது வேலையோடு ‘மேம்பாடும்’ செய்துவிடலாம் என்ற ஆசை வரும். வாயை ஒரு மீட்டர் அகலமாக்கலாம், இரண்டு புதர் கூட நடலாம் என்று. குறித்து வைக்காமல் அதைச் செய்யாதீர்கள். ஹெலிகோலாந்தில் 1960 முதல் 2000 வரை பிடித்த பறவைகளின் கணக்கை அலசியபோது, 24 இனங்களின் வசந்தகால வலசை ஆண்டுக்கு 0.05 முதல் 0.28 நாள் வரை முந்திக்கொண்டு வருவது தெரிந்தது. அவ்வளவு சின்ன நகர்வைப் பிடிக்க முடிந்ததற்குக் காரணம், அங்கே பிடிக்கும் முறையை ஆண்டுதோறும் ஒரே மாதிரி வைத்திருந்ததுதான். பொறி மாறினால் எண்ணிக்கை மாறும், பிறகு பறவை கூடியதா பொறி கூடியதா என்று பிரித்துச் சொல்ல ஆளிருக்காது.

பொறி தயார் என்றால் அடுத்தது வானிலை. கண்டத்தின் மேல் தெளிந்த வானம், வட கடலில் தென்கிழக்குக் காற்று, விடியலுக்கு முன் தூறலோ மூடுபனியோ. இந்த மூன்றும் சேர்ந்தால் ஸ்காண்டிநேவியாவுக்குப் போகிற பறவைகள் மேற்கே தள்ளப்பட்டு, கண்ணில் பட்ட முதல் நிலத்தில் இறங்கும். இந்தத் தள்ளல் கருத்தை ஃபோர்த் முகத்துவாரத்து மே தீவில் பல ஆண்டுகள் பறவை பார்த்த ஈவ்லின் பாக்ஸ்டர், லியனோரா ரின்டூல் என்ற இரு பெண்கள் முன்வைத்தார்கள். ஃபேர் ஐல் ஆய்வகத்தின் முதல் பொறுப்பாளர் கென்னத் வில்லியம்சன் அதை வானிலை வரைபடங்களோடு பொருத்திப் பார்த்து விரித்தார். மேற்குக் காற்று நாளில், பறவைகளைப் பொறிக்குள் விரட்டும் சுற்று சுருக்கமாக முடிந்துவிடும்.

மார்ச் கடைசி வாரத்தில் கிரீன்விச் நேரப்படி ஆறு மணி வாக்கில் சூரியன் வரும். முதல் சுற்று அதற்கும் முன்னால், புதருக்கும் கல்லுக்கும் வித்தியாசம் தெரிகிற வெளிச்சம் வந்ததுமே. இரண்டு மூன்று பேர் வரிசையாக அகன்று, மெதுவாக. கைதட்டுவது கடைசியில்தான். எட்டவே தட்டினால் பறவைகள் கூரைக்கு மேலே போய்விடும். வாயருகே உள்ள புதரில் அவை அடையும்வரை நின்று, பிறகு ஒரே மூச்சாக உள்ளே தள்ள வேண்டும். பிளாக்பேர்ட் தாழப் பாய்ந்து நேராகப் பெட்டிக்குப் போகும். ராபின் தரையோரமாகத் தத்தித் தத்திப் போகும், பொறுமை வேண்டும். கோல்ட்கிரெஸ்ட் கூரை வலையிலேயே தொற்றிக்கொண்டு அசையாமல் இருக்கும். அண்ணாந்து ஒவ்வொரு மூலையையும் பார்க்காமல் கயிற்றை இழுத்துக் கதவை மூடினால் அது பின்னால் தங்கிவிடும். வீட்டியர் புதரை நாடும் பறவை அல்ல. சுவரோரம் ஓடுவதால் டைக்கை ஒட்டிய பொறியில்தான் அதற்கு வாய்ப்பு. பூனையோ சிட்டுப்பருந்தோ பின்தொடர்ந்து உள்ளே வந்திருந்தால் மற்றதெல்லாம் அப்புறம்.

எடுத்த பறவை சுருக்குப்பைக்குள் போகும். பருத்திப் பை, தையல் வெளிப்பக்கம். உள்பக்கம் தையல் இருந்தால் நகம் நூலில் சிக்கும். ஒரு பைக்கு ஒரு பறவை. குளிரிலும் ஈரத்திலும் சின்னதற்கே முதலிடம். கோல்ட்கிரெஸ்டை வளையமிட்டு அனுப்பிய பிறகுதான் பிளாக்பேர்ட்.

பிரிட்டனில் இந்த வேலைக்குப் பறவையியல் அறக்கட்டளையான பிடிஓவின் அனுமதி வேண்டும். பயிற்சியாளர் பக்கத்திலிருந்து கற்றுக்கொடுக்காமல் யாரும் கையில் பறவையை எடுப்பதில்லை. பிடிப்பது ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே கழுத்து, முதுகு உள்ளங்கையில். நெஞ்சை அழுத்தினால் பறவையால் மூச்சுவிட முடியாது. வளைய அளவு கோல்ட்கிரெஸ்டுக்கும் சிஃப்சாஃபுக்கும் ஏஏ, ராபினுக்கு ஏ, பிளாக்பேர்டுக்கு சிசி. இடுக்கியில் ஒவ்வோர் அளவுக்கும் ஒரு துளை. வளையத்தின் திறந்த வாய் இடுக்கியின் வாயை நேரே பார்க்கும்படி வைத்து மெல்ல அழுத்தி, பிறகு கால்வட்டம் திருப்பி இன்னொரு அழுத்தல். முனைகள் இரண்டும் முட்டி நிற்க வேண்டும். ஒன்றன் மேல் ஒன்று ஏறிவிட்டால் வளையம் காலை இறுக்கும். உடனே மெல்லிய கம்பி வளையங்கள் இரண்டை உள்ளே கோத்து எதிரெதிராக இழுத்துத் திறக்க வேண்டும். நகத்தால் நெம்பினால் முறிவது வளையம் அல்ல, கால். எண்ணை, வளையங்கள் கோத்திருக்கும் சரத்தைப் பார்த்து எழுதக்கூடாது. பறவையின் காலில் இருப்பதை வாசித்து எழுத வேண்டும், ஏனென்றால் சரத்தில் ஒன்று தவறி விழுந்திருந்தால் அன்றைய வரிசை முழுதும் ஒன்று தள்ளிப்போகும்.

சிறகு நீளம், தொடக்கத்தில் தடுப்பு வைத்த அளவுகோலில் மி.மீ. கணக்காக. எடை 0.1 கிராம் வரை, பறவையைச் சின்னப் பிளாஸ்டிக் குப்பியில் தலைகீழாக நுழைத்து. பிறகு கழுத்துக் குழியின் இறகை வாயால் ஊதி விலக்கிப் பார்த்தால் மஞ்சளாகக் கொழுப்புத் தெரியும். 0 முதல் 8 வரை மதிப்பெண். குழி சிவந்து வெறுமையாக இருந்தால் அது கடலைத் தாண்டி வந்த களைப்பு, மற்ற அளவுகளைக் குறைத்துக்கொண்டு சீக்கிரம் விட்டுவிட வேண்டும். ஆண் பிளாக்பேர்டின் வயது சிறகின் மேலுறை இறகுகளில் இருக்கிறது. வெளிப்பக்கம் சில மட்டும் பழுப்பாகவும் மற்றவை கருப்பாகவும் இருந்தால் போன ஆண்டுக் குஞ்சு, குறியீடு 5. எல்லாம் ஒரே கருப்பென்றால் அதைவிட மூத்தது, குறியீடு 6. மழை மேகத்தின் அடியில் இந்த வித்தியாசம் தெரியாது. ஜன்னலோரம் போய்ச் சிறகைச் சாய்த்துப் பார்க்க வேண்டும், அப்படியும் சந்தேகமென்றால் 4, அதாவது பிறந்த ஆண்டு உறுதியில்லை, என்று எழுதுவதுதான் நேர்மை. காலில் ஏற்கனவே ஸ்டாவாங்கர் என்றோ ஹெலிகோலாந்து என்றோ பொறித்த வளையம் இருந்தால் அதைக் கழற்றக்கூடாது. எண்ணை இரண்டு பேர் தனித்தனியாக வாசித்து ஒப்பிட வேண்டும்.

காலை உணவுக்குப் பின் எண்ணும் வேலை. தீவை மூன்றாகப் பிரித்து ஆளுக்கொரு பகுதி. வானம்பாடி, நெட்டைக்காலி, வாலாட்டி, ரெட்விங், ஃபீல்ட்ஃபேர், சிப்பிபிடிப்பான், ஆள்காட்டி என்று இந்தப் பருவத்தில் பட்டியல் சின்னது, எண்ணிக்கைதான் பெரிது. கூட்டமாகப் பறக்கிறவற்றுக்கு நேரத்தையும் போன திசையையும் சேர்த்து எழுதாவிட்டால் அந்த எண் உபயோகப்படாது. வடக்குப் பகுதியில் பத்து மணிக்குப் பார்த்த நாற்பது ஃபீல்ட்ஃபேரும் தெற்கில் பத்தரைக்குப் பார்த்த நாற்பதும் ஒரே கூட்டமாக இருக்கலாம். மாலையில் எல்லோரும் உட்கார்ந்து ஒவ்வோர் இனமாகப் பெயர் வாசித்து எண்களைச் சேர்க்கிறபோதுதான் இது அவிழும். புதரில் தங்கும் ராபினைக் கூட்டலாம். திரிகிற கூட்டத்துக்குப் பெரிய எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வது வழக்கம். ராபின் வந்து குவிந்த நாளில் அந்தப் பட்டியல் வாசிப்பு சாப்பாட்டை ஆறவைத்துவிடும்.

அதற்கு முன்பே, இருட்டுவதற்குள், கடைசிச் சுற்று. இதில் யாரையும் துரத்துவதில்லை. புனலுக்குள் நடந்து போய்ப் பெட்டியின் கீழறையில் கைவிட்டுத் தடவி, காலி என்று உறுதிசெய்ய வேண்டும். பின்கதவைத் திறந்து, காற்றில் தானாக மூடிக்கொள்ளாதபடி கயிற்றால் தூணோடு கட்ட வேண்டும். வெறும் தாழ்ப்பாளை நம்பக்கூடாது. இரவில் தவறி நுழைகிற பறவை மறுபக்கமாக வெளியேற வழி அது ஒன்றுதான்.